முகச் செம்மை நோயும் நம்மவர் தோலும்

ஆங்கிலக் கவிஞர் சோசர் 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய கன்ரபரிக் கதைகளின் முகவுரையிலே, திருச்சபை நீதிமன்றின் அழைப்பாணைகளைக் கொண்டு செல்லும் ஏவலன் ஒருவன் வருகின்றான். தீயெனச் சிவந்த முகமும், கன்னங்களிற் கொப்புளங்களும், ஒடுங்கிய கண்களும் உடைய அவனைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவராம். இரசம், கந்தகம், வெண்காரம், ஈயவெள்ளை எனப் பலவற்றைப் பூசியும் அவனுக்குக் குணமில்லை. அவன் விரும்பி உண்பன உள்ளியும் வெங்காயமும். குடிப்பது கடுமையான செந்நிற மது. வெளிவாரிப் பட்டத் தேர்வுக்காக இப்பகுதியைப் படித்த காலத்தில் இதனை வெறும் நகைச்சுவையாகவே யான் கொண்டேன். பின்னர் நாற்பதை அணுகும் வயதில் அவ்வேவலனுடைய நோயின் இளைய உறவினன் ஒருவன் என் முகத்திலேயே குடியேறியபோதுதான், பூச்சும் உணவும் பற்றிச் சோசர் தந்த அப்பட்டியல் எத்துணைக் கூர்மையானது என்பது விளங்கிற்று.

வைத்தியர்கள் றொசேசியா என வழங்கும் இந்நோயினை நாம் முகச் செம்மை நோய் எனலாம். ஏவலனுக்கு இருந்தது தொழுநோயே எனச் சிலரும், முகச் செம்மையே எனச் சிலரும் வாதிட்டுள்ளனர். அவ்வழக்கு ஈண்டு நமக்கு வேண்டா. பாரிசிலுள்ள லூவர் கலைக்கூடத்தில், 1490 ஆம் ஆண்டளவில் கிர்லாந்தாயோ தீட்டிய முதியவரும் பேரனும் என்னும் ஓவியம் உளது. பேரனை அணைத்திருக்கும் அம்முதியவரின் மூக்குத் தடித்து முண்டுமுண்டாகக் காணப்படும். இந்நோய் சிலரிடம், சிறப்பாக ஆண்களிடம், முற்றும் நிலை அதுவே. ஷேக்ஸ்பியரின் பார்டொல்வ் என்னும் செம்மூக்கனோ பெருங்குடிகாரன். இத்தகைய பாத்திரங்களாலே மூக்குச் சிவந்தவனெல்லாம் குடிப்பவன் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. மது இந்நோயைத் தூண்டுவது மெய்யே. ஆயினும் மதுவை முகர்ந்தும் அறியாதார் பலருக்கு இந்நோய் வருகின்றது. ஊரார் வாயை மூட மருந்தில்லை யாதலின், இதனை ஈண்டு அழுத்திச் சொல்லி வைக்கின்றேன்.

நோயின் இயல்பு யாது? பெரும்பாலும் முப்பது வயதுக்குப் பின்னர், மூக்கு, கன்னம், நெற்றி, நாடி ஆகிய முகத்தின் நடுப்பகுதியிலே திடீரெனச் சூடு பரவுகின்றது. முதலில் வந்து மறையும் அச்சிவப்பு நாளடைவில் நிலைத்துவிடுகின்றது. நுண்ணிய குருதிக் குழாய்கள் நூலிழை போலத் தோன்றும். பருக்களும் சீழ்க் கொப்புளங்களும் எழும். இளமைப் பருவிற் காணப்படும் கருமுனைகள் இதில் இல்லாமையே இரண்டையும் வேறுபடுத்தும் சிறந்த அடையாளமாகும். இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. முற்றாக நீங்குவதும் அரிது. ஆனால் நன்றாக அடக்கி ஆளத்தக்கது.

இனி, நம்மவர்க்குரிய இடர்ப்பாட்டிற்கு வருவோம். மேலைநாட்டார் இந்நோயைக் கெல்ற்றியரின் சாபம் எனச் செல்லமாக அழைப்பதுண்டு. வெண்ணிறத் தோலிற் சிவப்பு எளிதிற் புலப்படுகின்றமையால், பாடநூல்களின் படங்களும் அத்தகைய முகங்களையே காட்டின. கபிலமும் கருமையுமான தோலிலே சிவப்புத் தெரிவதில்லை; தெரிந்தாலும் சற்றுக் கறுத்தாற்போல, அன்றேல் வெயிலிற் காய்ந்தாற்போலத் தோன்றும். ஆதலால் நம்மிடையே இந்நோய் அரிதென்று கருதப்பட்டு, உள்ளவரிடத்தும் காலந் தாழ்த்தியே கண்டறியப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாதது கைக்குப் புலனாகும். முகம் எரிதல், குத்துதல், காரணமின்றிச் சுடுதல், வழக்கமான சவர்க்காரமும் பூச்சும் பொறுக்காமை ஆகியன நம் தோலில் இந்நோயை அறிவிக்கும் குரல்கள். இவற்றை நோயாளி தாமே எடுத்துரைத்தாலன்றி வைத்தியர் அறிதல் கடினம்.

என் முகத்தைப் பரு என்றே யானும் பிறரும் கொண்டோம். மருந்துக்கடையொன்றில் வைத்தியரின் சீட்டின்றியே ஒரு களிம்பு தந்தனர். மூன்று நாளில் முகம் பளிங்காயிற்று. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னிலும் இருமடங்காக மூண்டது. மீண்டும் பூசினேன், மீண்டும் தணிந்தது. இவ்வாறு ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. அக்களிம்பிலிருந்தது பீற்றாமெதசோன் என்னும் ஸ்ரெரோயிட்டு. அது குருதிக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அமுக்குவதால் உடனே பயன் தருவதுபோற் காட்டும். நாளடைவிலோ தோலை மெலியச் செய்து, குழாய்களை விரியச் செய்து, தானே ஒரு முகச் செம்மையை உண்டாக்கும். இந்தியாவில் முகத் தோல் நோய்களுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 433 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர், இத்தகைய களிம்புகளை முகத்திற் பூசிக்கொண்டிருந்தனர் எனக் காணப்பட்டது. வெண்மை தருமெனக் கூறி விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றிலும் இப்பொருள் மறைந்துள்ளது. நெடுநாட் பூசியவர் இதனைத் திடீரெனக் கைவிட்டாற் கொதிப்பு மிகும்; ஆதலால் தோல் வைத்தியரின் மேற்பார்வையிலேயே விடுதல் நன்று. அம்முதற் கடையிலே யாரேனும் ஒருவர் "இது என்ன களிம்பு?" என்று கேட்கும்படி எனக்குச் சொல்லியிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

நோயின் காரணம் முழுதும் துலங்கவில்லையேனும் பல கூறுகள் தெளிவாகியுள்ளன. தோல் தன்னைக் காப்பதற்குச் சுரக்கும் கதெலிசிடின் என்னும் புரதம் இந்நோயாளரிடம் மிகுதியாகவும் பிழையான துண்டுகளாகவும் காணப்படுவதைக் கலிபோர்னியாவில் கலோவின் ஆய்வுக்குழுவினர் 2007 இல் வெளியிட்டனர். வளர்ந்தோர் ஏறக்குறைய யாவரின் முகத்திலும் மயிர்க்குழிகளில் வாழும் டெமொடெக்ஸ் என்னும் நுண்ணுண்ணி, இவர்களிடம் தொகையிற் பெருகியிருக்கும். இவற்றோடு, சூட்டை உணரும் நரம்புகள் சிறு தூண்டலுக்கும் பெருங்கூச்சல் இடுகின்றன. எனவே முகத்தைத் தேய்த்துத் தூய்மை செய்தால் நோய் போகுமென்பது தவறான எண்ணம். இஃது அழுக்கினால் வந்ததன்று.

முகத்திற் பூசுவனவற்றைக் கூட்டுவதினும் குறைப்பதே முதற்படி. சாதாரண சவர்க்காரம் காரத்தன்மையுடையது. தோலின் மேற்பரப்போ மென்மையான அமிலத்தன்மையுடையது. ஆதலால் நறுமணமற்ற மென்மையான கழுவியால், இளஞ்சூடோ குளிரோ மிகாத நீரில், விரல்களாற் கழுவி, துவாயால் ஒற்றியெடுத்தல் வேண்டும். பின்னர் மணமற்ற ஈரங்காக்கும் பூச்சு. தேசிப்புளி, கற்பூரம், மெந்தோல், யூக்கலிப்ரசுத் தைலம், மதுசாரங் கலந்த திரவங்கள் ஆகியவற்றை முகத்திற்கு அருகிலும் கொண்டுவரலாகாது. கடலைமாவும் மஞ்சளும் பிறருக்கு நன்மை செய்யலாம். தேய்த்துக் கழுவும் எதுவும் இத்தோலுக்கு ஆகாது.

யாவற்றிலும் தலையாயது வெயிற்காப்பு. சைக்கிளிற் பாடசாலை செல்லும் அரைமணி நேர வெயில் ஒன்றே என் முகத்தை மாலைவரை எரியச் செய்யும். நாக ஒட்சைட்டு அல்லது தைத்தானியம் ஈரொட்சைட்டு அடங்கிய, காப்பெண் 30 க்குக் குறையாத பூச்சு இத்தோலுக்கு இசையும். ஆனால் நம் நிறத்தில் அது சுண்ணாம்பு பூசியது போலத் தோன்றும். கரும்பலகைத் தூசென மாணவர் கருதிக்கொள்வர் என்று சில நாள் ஆறுதலடைந்தேன். பின்னரே இரும்பு ஒட்சைட்டுச் சேர்த்த நிறப்பூச்சுகள் உள்ளன என்பதை அறிந்தேன். அதன் விலை உறுத்துவோர்க்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் குடையும் உள. ஆண்கள் குடை பிடிக்க நாணுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மருந்துகளில் மெற்றோனிடசோல், ஐவர்மெக்றின், அசெலயிக் அமிலம் ஆகிய பூச்சுகள் பருக்களைத் தணிக்கும். வாற்கோதுமை, கோதுமை முதலிய தானியங்களிலும் காணப்படும் இவ்வமிலம், அழற்சி விட்டுச்செல்லும் கருந்தழும்பையும் மங்கச் செய்வதால் நம் தோலுக்கு இரட்டைப் பயன் உடையது. நோய் மிகின் டொக்சிசைக்கிளின் என்னும் குளிகையைக் குறைந்த அளவிற் கொடுப்பர். எதுவாயினும் பயன் காண இரு மாதமேனும் செல்லும். ஏவலனின் பட்டியலில் இருந்த கந்தகமும் இன்றுவரை கைவிடப்படவில்லை என்பது வியப்பே. இரசமும் ஈயமும் நஞ்சு.

உணவைப் பற்றி நம் வீடுகளிற் கேட்கும் முதற்சொல் "சூடு" என்பதாகும். மாம்பழம் சூடு, கத்தரிக்காய் சூடு என விலக்கிக்கொண்டே போவர். ஆயின் பொருளின் குணமாகிய சூடு வேறு, அடுப்பின் சூடு வேறு. அமெரிக்க வைத்தியர் வில்கின் 1981 இல் வெளியிட்ட சிறு பரிசோதனை இவ்விடத்தில் மிகப் பயனுள்ளது. அவர் முகச் செம்மை நோயாளருக்கு 60 பாகை சூடான கோப்பியும், ஆறிய கோப்பியும், அதே அளவு சூடான வெறும் நீரும், கோப்பியிலுள்ள கபேயினும் கொடுத்துப் பார்த்தார். சூடான கோப்பியும் சூடான நீரும் முகத்தைச் சிவக்கச் செய்தன. ஆறிய கோப்பியும் கபேயினும் செய்யவில்லை. குற்றவாளி கோப்பியன்று, கொதிப்பே. அமெரிக்கத் தாதியர் 82,737 பேரை நெடுங்காலம் தொடர்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்விலும், நாளொன்றுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கோப்பி அருந்தியவரிடம் இந்நோய் குறைவாகவே தோன்றியது. அவர்களுட் பெரும்பாலார் வெள்ளையர் என்பதையும், அஃது ஒரு தொடர்பேயன்றிக் காரணமென நிறுவப்பட்டதன்று என்பதையும் மறத்தலாகாது. எனினும் இடைவேளைத் தேநீரை விட்டொழிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஆறவிட்டாற் போதும்.

மிளகாயின் வழக்கு வேறு. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின், ஏறத்தாழ 43 பாகைச் சூட்டை உணர்கின்ற அதே நரம்புவாயிலைத் திறக்கின்றது. இவ்வாயிலை 1997 இல் கண்டறிந்த டேவிட் யூலியசு 2021 இல் நோபல் பரிசு பெற்றவருள் ஒருவர். ஆகவே உறைப்பை எரிகிறது என நாம் கூறுவது உவமையன்று. நரம்பின் மொழியில் அது நெருப்பே. நம் நாட்டுக் கறுவாவிலுள்ள சாரமும் இதனையொத்த வேறொரு வாயிலைத் தொடுவது. ஆயினும் எல்லார்க்கும் எல்லாம் தூண்டுவதில்லை. ஒரு கொப்பியில் உண்டது, வெயில், அடுப்படி வெக்கை, மனக்கொதிப்பு, முகத்தின் நிலை என்பவற்றை ஆறு வாரம் எழுதிவந்தேன். உறைப்புக் கறியும் நண்பகல் வெயிலும் அகப்பட்டன. வீட்டார் பல ஆண்டு விலக்கி வைத்திருந்த கத்தரிக்காயும் மாம்பழமும் குற்றமற்றனவாக விடுதலை பெற்றன. தேவையின்றி உணவை விலக்கி உடலை வாட்டுதல் இந்நோயாளர் செய்யும் பெரும்பிழை.

குளிகைகளிலே பணம் மிகுதியாகச் செலவாகிறது, பயன் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. நாகச் சல்பேற்று உண்டோர் நலமடைந்தனர் என 2006 இல் ஈராக்கிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 2012 இல் அமெரிக்காவில் நாளொன்றுக்கு இருமுறை 220 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்துப் பார்த்தபோது, வெற்றுக் குளிகைக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. மிகையான நாகம் உடல் செப்பை உறிஞ்சுவதைத் தடுத்துக் குருதிச்சோகையை விளைவிக்கவும் கூடும். விற்றமின் பீ மூன்றில் இருவடிவுகள் உள. நியாசின் என்னும் வடிவைப் பெருமளவில் உண்டாற் சுகதேகியின் முகமே சிவந்து எரியும்; இந்நோயாளர்க்கு அது தீங்கு. நியாசினமைட்டு அவ்வாறு செய்யாது. பூச்சிற் சேர்ந்தால் தோலின் காப்பை வலுப்படுத்தும். பலவகை விற்றமின் குளிகை வாங்குவோர் புட்டியின் பக்கத்திலுள்ள சிற்றெழுத்தைப் படித்தே வாங்குக.

கண்ணைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இந்நோய் பலரது கண்ணிமையையும் தாக்கும். மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிவு, வறட்சி, அடிக்கடி வரும் கட்டி என்பன அதன் குறிகள். விடைத்தாள் திருத்தியதன் களைப்பென யான் அதனை ஒதுக்கி வந்தேன். இளஞ்சூட்டுத் துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் ஒற்றி, இமையோரத்தை நாள்தோறும் மென்மையாகத் துடைத்துவர அது பெரிதும் தணிந்தது. பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பொறுக்காது வலித்தாலோ, கருவிழி தாக்கப்பட்டிருத்தல் கூடுமாதலின், அன்றைக்கே கண் வைத்தியரை நாடல் வேண்டும்.