ஊத்துக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

மென்பொருள் எழுதுகிறவரின் அன்றாடக் கருவிகள் அதிகமில்லை. நிரலை எழுத ஓர் எடிட்டர், கணினிக்குக் கட்டளையிட ஒரு டெர்மினல், எழுதியதின் வரலாற்றைக் காக்க கிட், எழுதியது சரிதானா என்று பார்க்கச் சில சோதனை நிரல்கள். இவற்றில் கை பழகிவிட்டால் மற்றவை தேவைக்கேற்ப வந்து சேரும். ஆனால் இவை எல்லாமே ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. வருகைப் பதிவேடு, பஸ் நேரப் பட்டியல், வாக்காளர் பட்டியல் என ஏதாவது ஒன்றைத் தமிழில் கையாளத் தொடங்கும்போதுதான் இவை எங்கே இடறுகின்றன என்பது தெரியவரும். அதைக் காட்டுவதற்கு ஓர் ஊர்ப் பெயரே போதும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், ஆரணியாற்றின் கரையில், ஆந்திராவைத் தொட்டுக்கொண்டு இருப்பது ஊத்துக்கோட்டை. சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதிக்குப் போகும் பஸ்கள் இந்த ஊரைக் கடந்துதான் போகும். பள்ளிப் பிள்ளையிடம் இந்தப் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் ஏழு என்று சொல்லிவிடும்: ஊ, த், து, க், கோ, ட், டை. பைத்தான் மொழியில் நீளம் கேட்டால் 13 என்று வரும். ஜாவாஸ்கிரிப்ட்டும் 13 என்கிறது. கூகுள் உருவாக்கிய கோ மொழி 39 என்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி மட்டும் 7 என்று சரியாகச் சொல்கிறது.

எந்தக் கணினியும் இங்கே தப்பாக எண்ணவில்லை. எண்ணப்படும் பொருள்தான் வேறுபடுகிறது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையே அதற்கு அடிப்படை. அதில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், அகரமேறிய மெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று அமைந்தது. தமிழ் இலக்கணத்தில் ‘த்’ முதலில் நிற்கும்; அதனோடு அகரம் சேர்ந்து ‘த’ பிறக்கும். யூனிகோடில் ‘த’ முதலில் நிற்கிறது. அதன்மேல் புள்ளி வைத்து ‘த்’ உண்டாகிறது. இலக்கணம் படித்தவருக்கு இது தலைகீழாகத் தோன்றும், அப்படித் தோன்றுவதும் நியாயமே. ஊத்துக்கோட்டையில் ஊகாரம் மட்டும் ஒற்றைக் குறியீடு; மற்ற ஆறு எழுத்துகளும் இரண்டிரண்டு. ஆக 13. கோப்பில் சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆக 39.

இந்தக் கணக்கு தெரியாமல் எழுதிய நிரலால் அன்றாடம் தொல்லைதான். தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அடையாள அட்டையில் ‘ஊத்துக்கோட’ என்று அச்சாகும். பைட் கணக்கில் வெட்டினாலோ எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து, கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் தெரியும். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுதினால் 70 குறியீடுதான். பூண்டி ஏரி திறக்கப்படுகிறது, கொசஸ்தலையாற்றின் கரையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும் என்று தமிழில் ஓர் எச்சரிக்கை அனுப்பும்போது, அதில் ஊத்துக்கோட்டை என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே 13 இடம் போய்விடும். செய்தி இரண்டு மூன்று துண்டாகப் பிரியும், செலவும் அதற்கேற்பக் கூடும். அதற்காக எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அனுப்புவது தீர்வாகாது. துண்டுகளுக்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்ப்பதுதான் முறை.

நிரலாளரின் நாள் பெரும்பாலும் எடிட்டரில் கழிகிறது. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1970-களில் தொடங்கிய ஈமேக்ஸ், மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் ஆகியவை பலர் கையில் இருப்பவை. எது சிறந்தது என்ற வாதம் ஓயாமல் நடக்கும். தமிழில் எழுதுகிறவருக்கு அதைவிட முக்கியமானது, எந்த எடிட்டர் தமிழ் எழுத்தை உடைக்காமல் காட்டுகிறது என்பது. டெர்மினலில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம். ‘i’ என்ற ஆங்கில எழுத்துக்கும் ‘கோ’ என்ற தமிழ் எழுத்துக்கும் ஒரே அளவு இடம் தர முடியாது என்பதால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும், கர்சர் எழுத்தின் வயிற்றில் போய் நிற்கும். பல எடிட்டர்களில் ‘டை’யை அழிக்கப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் ஐகாரக் குறி மட்டும் போய் ‘ட’ மிஞ்சும். டெர்மினலில் தமிழ் பார்ப்பதைத் தவிர்த்து, தமிழ்த் தரவை எடிட்டரிலோ பிரவுசரிலோ திறந்து சரிபார்ப்பது பலர் தாமாகக் கண்டுகொண்ட வழி.

தட்டச்சில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பரிந்துரையில் உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஊத்துக்கோட்டையில் த்து, க்கோ, ட்டை என்று மூன்று இரட்டிப்பு இருப்பதால் இந்தப் பெயர் அந்த விசைப்பலகைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது: ஊ, த, த, உ, க, க, ஓ, ட, ட, ஐ. பத்தே தட்டல், ஒருமுறைகூட ஷிஃப்ட் வேண்டாம்.

கிட் 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸ் கருவை எழுதும் பல நாட்டு நிரலாளர்கள் பயன்படுத்திய பழைய கருவியின் இலவச உரிமம் பறிபோனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே இதை எழுதி ஓடவிட்டார். யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பதை இது நினைவில் வைத்திருக்கும். இதுவும் தமிழுக்கு முதலில் முகம் சுளிக்கிறது. ‘ஊத்துக்கோட்டை’ என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் கிட் அதை \340\256\212 என்று தொடங்கும் எண் சரமாகக் காட்டும். அந்த மூன்று எண்களும் ஊகாரத்தின் மூன்று பைட்டுகள். கோர் டாட் குவோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால் பெயர் தமிழிலேயே தெரியும். ஒரு வரி மாற்றம்தான். அது தெரியாமல், தமிழில் கோப்புப் பெயரே வைக்கக்கூடாது என்று முடிவுகட்டியவர்கள் எத்தனையோ பேர்.

கருவி எதுவாக இருந்தாலும் பழக்கம்தான் நிரலைக் காப்பாற்றும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் அன்றாட இருப்பைக் காட்டும் ஒரு சிறு நிரலை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டைப் பக்கம்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்குப் போகிறது. ஆகவே இந்த ஊரில் யாரும் ஆர்வத்தோடு எழுதக்கூடிய நிரல்தான் இது. 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரியின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அவசரத்தில் எழுதுகிறவர் 3231 என்ற எண்ணை நிரலில் ஐந்து இடத்தில் போட்டுவிடுவார். பழகியவர் அதற்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதுவார். 2008-இல் வந்த பைத்தான் 3, ‘பூண்டி_கொள்ளளவு’ என்று தமிழிலேயே பெயர் வைக்க இடம் தருகிறது. அடுத்து சோதனை: இருப்பு 32,310 என்று யாரோ ஒரு சுழியைக் கூடுதலாகத் தட்டிவிட்டால் நிரல் அதை ஏற்காமல் நிறுத்தவேண்டும். விழுக்காடு நூறைத் தாண்டக்கூடாது. தரவே வராத நாளில் சுழி என்று காட்டக்கூடாது. ஏரி வற்றியதும் தகவல் வராததும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடத்தை 2020 தந்தது. அதுவரை சென்னையைச் சுற்றிப் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளையே கணக்கில் எடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு, ஏரிகள் ஐந்தாயின. நான்கு என்ற எண்ணை நிரலுக்குள் ஆணியடித்து வைத்தவரின் கணக்கு அன்றோடு தவறிப்போகும். ஏரிகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்தவருக்கு ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. உலகம் மாறக்கூடிய இடத்தை நிரலிலிருந்து பிரித்து வைப்பது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவருக்கு இன்னும் இரண்டு பழக்கம் அவசியம். ஒன்று, வரும் எழுத்தை வாசலிலேயே ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கு வேறு வேறு. யூனிகோடு இதற்கென்று தந்துள்ள இயல்பாக்க முறை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஊகாரத்துக்குப் பதில் உகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் அந்த முறையால் திருத்த முடியாது. ஸ்ரீபெரும்புதூரின் முதல் எழுத்தையும் இரண்டு விதமாக எழுதலாம்: பழைய ஸகரத்தோடு, அல்லது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடு. திரையில் இரண்டும் ஒரே வடிவில் தெரியும். இவற்றுக்கெல்லாம் நிரலாளரே ஒரு திருத்தப் பட்டியல் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, வரிசைப்படுத்துவது. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டையும் பள்ளிப்பட்டையும் அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் பள்ளிப்பட்டை முன்னால் வைக்கும். தமிழ் நெடுங்கணக்கில் ழகரம் முந்தியது, ளகரம் பிந்தியது; யூனிகோடு அட்டவணையில் மாறி இருக்கிறது. றகரமும் னகரமும் அங்கே இடம் மாறித்தான் நிற்கின்றன. தமிழுக்குரிய வரிசை விதிகள் பொது நூலகங்களில் கிடைக்கின்றன. அவற்றை அழைப்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை விட்டுவிடுவதால்தான் பல தமிழ்ப் பெயர்ப் பட்டியல்கள் அகராதிக்கு முரணாக நிற்கின்றன.

நிரலாளர்களின் சொந்த ஆர்வங்களே பல நேரம் நல்ல கருவிகளாக மாறியிருக்கின்றன. தம் புத்தகத்தின் அச்சு அழகில்லாமல் வந்ததைப் பொறுக்காமல் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதினார் டொனால்ட் குனூத். கடலில் மூழ்கும் ஆர்வமுள்ள டோர்வால்ட்ஸ், மூழ்கிய கணக்கை எழுதிவைக்க 2011-இல் சப்சர்ஃபேஸ் என்ற நிரலைத் தொடங்கினார். 2023-இல் மறைந்த மூலனார், விம் பயனுள்ளதாக இருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று அதன் முகப்பிலேயே கேட்டுவைத்தார்.

தமிழ்க் கணிமையின் வரலாறும் பெரும்பகுதி இப்படித்தான் எழுந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருக்களின் பெயரில் இருப்பவை அவருடைய தலைப்பெழுத்துகளே. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சிட்டு இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். வேதியியல் அவர் தொழில், தமிழ் அவர் ஆர்வம்; தமிழுலகம் நன்றியோடு நினைப்பது அந்த ஆர்வத்தை. முத்து அண்ணாமலையின் எழில் என்ற நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்றால் அச்சிடும். நிபந்தனையை முதலில் எழுதி ‘ஆனால்’ என்ற சொல்லைப் பின்னால் வைக்கவேண்டும், தமிழ் வாக்கியத்தில் வைப்பதுபோலவே. அவர் தொடங்கிப் பலர் வளர்த்த ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்திடம் ஊத்துக்கோட்டையைக் கொடுத்தால் ஏழு எழுத்தாகப் பிரித்துத் தரும். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ், பைத்தான் போன்றவற்றைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. ஓப்பன் தமிழ் நூலகமும் மதுரைத் திட்டத்தின் நூல்களும் கணியத்தின் பாடங்களும் காசில்லாமல் கிடைப்பவை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வாயிலில் பெயர் பதிய நிற்கும் தொழிலாளிக்கும், ரேஷன் அட்டையில் தன் ஊரைத் தேடும் பாட்டிக்கும் இந்த நுணுக்கம் எதுவும் தெரியத் தேவையில்லை. அவர்கள் பெயர் முழுதாக வந்தால் போதும். அதைப் பார்த்துக்கொள்வது நிரலாளரின் வேலை. படிப்பவர்களும் இதில் உதவலாம். ஏதாவது ஒரு செயலியில் உங்கள் ஊர்ப் பெயர் வெட்டுப்பட்டோ உடைந்தோ தெரிந்தால், அந்தத் திரையைப் படமெடுத்து, எந்தப் போன், எந்த விசைப்பலகை என்ற விவரத்தோடு அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.