குழவியின் செவி
மும்பையின் பாண்டுப்பில் ஒரு தமிழ் இல்லம். தொட்டிலருகே தாய் தமிழ் பேசுகிறாள். அண்டை வீட்டில் மராத்தி ஒலிக்கிறது. இரு மொழியும் குழவியைக் குழப்புமோ என்று நாம் அஞ்சுகிறோம்.

1984-இல் கனடாவில் ஜானெட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் குழவிகளின் செவித்திறனை ஆராய்ந்தனர். ஒலி மாறினால் ஒரு பொம்மை ஒளிரும். இதனைக் கற்ற குழவி, ஒலி மாறியதுமே பொம்மையை எதிர்நோக்கித் தலை திருப்பும். ஆங்கிலம் மட்டும் கேட்ட குழவிகளும் 6 முதல் 8 திங்களில் இந்தியின் தகர, டகர ஒலிகளை இவ்வாறு பிரித்தறிந்தன. 10 திங்களுக்குப் பின் அத்திறன் பெரிதும் குன்றியது. இந்தி கேட்டு வளர்ந்தவை அதனை இழக்கவில்லை.

நாள்தோறும் கேட்பதற்கே செவி தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஆதலின் அச்சம் வேண்டா. குழவியிடம் தமிழிலும் பேசுவோம், மராத்தியும் அதன் செவியில் விழட்டும்.