வெண்புள்ளியை வெல்லும் நாட்கணக்கு



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலை உண்டு, கண்மாய் உண்டு, செண்பகத்தோப்பு ஓடை உண்டு. கடல்தான் இல்லை, விருதுநகர் மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ஆகவே இங்கே ஒரு வீட்டுத் தொட்டியில் கடல் மீனான கோமாளி மீன் நீந்தினால், அது பிளாஸ்டிக் பையில் நெடுந்தூரம் பயணம் செய்து, பல தொட்டிகள் மாறி வந்த மீன். களைத்து வரும் அந்த மீனோடு ஓர் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரலாம்.

அதன் பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். 1951-இல் பிரவுன் என்ற ஆய்வாளர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். இது தாக்கிய மீனின் உடலில், உப்புத் தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். செவுளையும் தாக்குவதால் மீன் மூச்சுவிடத் திணறும்.

இதன் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள். முதலில், மீனின் தோலுக்குள் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு மீனைவிட்டு விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து பெருகும். கடைசியில் கூடு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள்கூட வெளியே நீந்தி வரலாம். அவை இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும்.

தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எளிதில் தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளைத்தான் தொடும். அதற்குத் தாமிர மருந்து பயன்படுகிறது. ஆனால் தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எனவே மீன்களை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும். மருந்தின் அளவைப் பெரியவர்கள்தான் அளந்து போட வேண்டும்.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது. இப்படி நான்கு முறை. உதிர்ந்த கூடு உடைவதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும். பழைய தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்தால் கூடும் அழியும்.

மீன்கள் முதலில் இருந்த பெரிய தொட்டி, இப்போது மீன் இல்லாமல், என்ன ஆகும்? பவளமும் இறாலும் அதில் இருக்கலாம். இந்த ஒட்டுண்ணிக்கு அவை இரை ஆகா. பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் உடையும், சில 72 நாள் வரைகூடத் தாங்கும். அதனால் அனுபவசாலிகள் இரண்டரை மாதம் அந்தத் தொட்டியில் ஒரு மீனையும் விடுவதில்லை.

இப்படித் தனியே வைத்துப் பார்ப்பது மீன்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ராமேசுவரம் போகும் வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களை அங்கே தங்கவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். இன்று அதே மண்டபத்தில், 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இயங்குகிறது. கோமாளி மீன்களை அங்கே தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். 2010-இல் கடல் விரால் மீனையும் அப்படிப் பொரிக்க வைத்தார்கள். இத்தகைய குஞ்சு பொரிப்பகங்களில், கடலிலிருந்து பிடித்துவரும் தாய் மீனை முதலில் தனித் தொட்டியில் வைப்பார்கள். நன்னீரில் சில நிமிடம் குளிக்கவும் விடுவார்கள். உப்பில்லாத நீரில் தோலின் மேல் ஒட்டியிருக்கும் சில ஒட்டுண்ணிகள் உதிர்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது நன்னீர்த் தொட்டியா? தங்க மீனுக்கும் கப்பிக்கும் வெண்புள்ளி வரும். அது வேறு ஒட்டுண்ணி. வாழும் முறை மட்டும் ஏறக்குறைய இதேதான்.

ஆகவே புது மீன் வாங்கினால் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி வையுங்கள். மீன் வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, குறைந்தது நான்கு வாரம் தினமும் கவனியுங்கள்: சாப்பிடுகிறதா, உடம்பைக் கல்லில் உரசுகிறதா, வேகமாக மூச்சுவிடுகிறதா? புள்ளி மறைந்த அன்றே நோய் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். ஒட்டுண்ணி உதிர்ந்து கூட்டுக்குள் போயிருக்கும் நேரம் அது. அதன் நாட்கணக்கு முடியும்வரை பொறுத்திருப்பவரே மீனைக் காப்பாற்றுவார்.