கதிர்க் குஞ்சமும் அணிற்பிள்ளையும்

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்து ஜீவனம் நடத்தும் அன்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தை அறுவடையின்போது உறவினர் கழனியிலிருந்து கொண்டுவந்த முற்றிய நெற்கதிர்களை, தம் தந்தையார் காலத்து வழக்கத்தை மறவாமல் குஞ்சமாகப் பின்னி, சிட்டுக்குருவிகளுக்கென்று தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டாராம். குருவிகள் வந்து கொத்தத் துணிவதற்குள் அணில்கள் இறங்கிக் கதிரை உருவித் தின்றுவிட்டு உமியை மட்டும் தரையில் உதிர்த்துப் போகின்றன என்றும், கயிற்றை எடுத்துவிட்டுக் கம்பியில் கட்டியும் பயனில்லை என்றும், கம்பியில் கிரீஸ் தடவும்படி பக்கத்து வீட்டார் யோசனை சொல்கிறார்கள், தடவலாமா என்றும் கேட்டிருக்கிறார். தடவவே கூடாது என்பது என் விடை. ஆனால் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. ஏனெனில் அவருடைய கம்பி ஏன் தோற்றது என்ற கேள்விக்குள், இயற்கையின் மிக நேர்த்தியான யந்திரங்களில் ஒன்று ஒளிந்திருக்கிறது.

அணிலின் முதுகுக் கோடுகளைப் பற்றியோ, சேதுபந்தனத்தின்போது அது செய்த கைங்கரியத்தைப் பற்றியோ தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையிலேயே அதை எடுத்தாண்டிருக்கிறார். நம் தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடுகள், வடநாட்டு இனத்துக்கு ஐந்து என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

மரத்தில் ஏறுவது பெரிய வித்தையன்று, பூனையும் ஏறும். இறங்குவதில்தான் வித்தை இருக்கிறது. பூனையின் நகங்கள் ஏறும்போது பட்டையைப் பற்றுவதற்கு வாகாக வளைந்திருப்பதால், தலைகீழாக இறங்க முற்பட்டால் அவை எதையும் பற்றாமல் வழுக்கிவிடும். ஆகையால் அது பின்புறமாகத் தட்டுத்தடுமாறிச் சற்று ஊர்ந்துவந்து, மீதித் தூரத்தைக் குதித்துக் கடக்கிறது. பனையேறும் தொழிலாளியும் காலை முதலிலும் தலையைக் கடைசியிலும் வைத்தே இறங்குகிறார். அணிலோ ஏறிய வேகத்திலேயே தலை கீழாகவும் வால் மேலாகவும் ஓடி இறங்குகிறது. நடுவழியில் அப்படியே நின்று, நம்மை ஏறிட்டுப் பார்த்து, வாலைச் சொடுக்கிச் சொடுக்கிக் கீச்சிடவும் செய்கிறது. இந்தச் சாமர்த்தியத்தின் ரகசியம் அதன் பின்னங்காலில் இருக்கிறது. இறங்கும் வேளையில் அணில் தன் பின்பாதத்தை, குதிகால் முன்னும் விரல்கள் பின்னுமாக, முற்றிலும் திருப்பிக்கொள்கிறது; உடல் கீழ்நோக்கி ஓடும்போது விரல்கள் மேல்நோக்கி நீண்டு, நகங்கள் பட்டையில் மாட்டிக்கொள்கின்றன. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சற் சங்கிலி உத்தரத்து வளையத்தில் மாட்டியிருந்ததுபோல, உடலின் பாரம் கீழே இழுக்க இழுக்கப் பிடி இறுகுமே தவிர நழுவாது. இந்தத் திருப்பம் முழங்காலில் நிகழ்வதன்று. கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் சிற்றெலும்புகள் ஒன்றையொன்று தழுவும் மூட்டுகளில், ஓர் எலும்பு மற்றொன்றின்மேல் சறுக்கிச் சுழல்வதால் நிகழ்வது. மரமேறும் பாலூட்டிகள் சிலவற்றுக்கு மட்டுமே வாய்த்த இந்த அமைப்பை ஃபாரிஷ் ஜென்கின்ஸ், டீட்ரா மெக்ளியர்ன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர்கள் ஆராய்ந்து 1984இல் விரிவாக எழுதினார்கள். நாமோ நம் வேப்பமரத்தில் அதைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டும், அது என்னவென்று ஒருமுறையேனும் நின்று நோக்காமலும் இருக்கிறோம்.

இதை அறிந்தால் அன்பரின் கம்பி தோற்றதற்குக் காரணம் தானே விளங்கும். பின்கால்கள் இரண்டையும் மேலே மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிற ஒரு பிராணிக்கு முன்கைகள் இரண்டும் முழு ஓய்வில் இருக்கின்றன. தொங்கும் கதிர்க் குஞ்சம் அதற்கு இடையூறே அன்று; அதன் உடலமைப்புக்கென்றே அளந்து பரிமாறிய இலை.

மேனாட்டார் இந்த வழக்கை வெகுகாலமாக நடத்தி வருகிறார்கள். தோட்டத்துப் பறவைகளுக்கு இடும் விதையை அணில்கள் கவராமல் காப்பது எப்படி என்பதற்கென்றே 1988இல் பில் ஆட்லர் என்பவர் அமெரிக்காவில் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே விற்கும் கருவிகளில் ஒன்று பாரத்தால் இயங்குவது. சிறு குருவி அமர்ந்தால் விதைக் குழாய் திறந்திருக்கும், கனத்த அணில் ஏறினால் அதன் பாரத்தாலேயே வாய் மூடிக்கொள்ளும். இத்தகைய கருவியை வரவழைத்து நம் மாடியில் மாட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அவர்களுடைய சாம்பல் அணில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ளது. நம் அணிற்பிள்ளையோ சுமார் 100 கிராம். நம் நாகணவாயும் பச்சைக்கிளியும் அதே எடைதான். சிட்டுக்குருவியின் எடை 30 கிராமுக்குள் அடங்குமாதலால் குருவிக்கு மட்டும் திறக்கும்படி அதைத் திருத்தியமைக்கலாம். ஆனால் அணிலை விலக்கும் கருவி கிளியையும் சேர்த்தே விலக்கிவிடும். ஊருக்கு ஊர் பிராணிகளின் அளவு வேறு என்பதை எண்ணாமல் கருவியை மட்டும் இறக்குமதி செய்வதால் என்ன பிரயோஜனம்?

எடையால் பிரிக்க முடியாத இவ்விரண்டையும் நாவால் பிரிக்க முடியும் என்பது ஆச்சரியமானது. செக்கச் சிவந்த மிளகாய்ப் பழத்தைக் கிளி அனாயாசமாகத் தின்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்; பலர் அதைக் கூண்டுக்குள் பார்த்திருப்பார்கள் என்பதும், பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் வேறு விஷயம். பாலூட்டிகளின் நரம்பு நுனியில் சூட்டை உணரும் வாயில் ஒன்று உண்டு. மிளகாயின் காரம் அந்த வாயிலையே திறந்துவிடுவதால்தான் நமக்கு வாய் எரிகிறது. அந்த வாயிலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கும் அந்த வாயில் உண்டு; சூட்டுக்குத் திறக்கும் அது காரத்துக்கு மட்டும் திறப்பதில்லை. விதையை அரைத்து அழிக்கும் பல்லுள்ள விலங்கை விலக்கி, முழுதாக விழுங்கிக் கொண்டுபோய் எங்கோ இடும் பறவையை வரவேற்க மிளகாய்ச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. இந்த நுட்பத்தைக் கொண்டு, தானியத்தில் மிளகாய்ப் பொடியைக் கலந்து வைக்கும் உபாயத்தை மேனாட்டார் கைக்கொள்கிறார்கள். நம் திறந்த மாடியில், சித்திரைக் காற்றில், அந்தப் பொடி அணிலின் கண்ணுக்கும் நம் வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கும் பறக்கும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிரீஸ் இதைவிடக் கொடியது. அணிலின் மயிரிலும் குருவியின் இறகிலும் அது ஒட்டினால், இறகுகளுக்கிடையே காற்று தங்கி உடற்சூட்டைக் காக்கும் அமைப்பே குலைந்துபோகிறது. கோதிக் கோதி அதை நீக்க முயலும் குருவி அந்த எண்ணெயை விழுங்குகிறது. எந்தக் குருவிக்காகக் கதிர் கட்டினோமோ அதையே கொல்லும் வழி அது. கடைகளில் எலிக்கென்று விற்கும் பசை அட்டையை அணிலுக்கு வைப்போரும் உண்டு. தோல் கிழிய இழுத்து, பசியாலும் தாகத்தாலும் அணு அணுவாகச் சாகும்படி ஒரு ஜீவனை ஒட்டிவைப்பது எந்த நெல்மணியின் பொருட்டும் தகாது. இந்த அட்டைகளுக்கு எதிராக இந்திய விலங்குகள் நல வாரியம் மாநில அரசுகளுக்கு அறிவுறுத்தியும் அவை இன்னும் தாராளமாக விற்பனையாகின்றன. வாங்குவோர் இருக்கும்வரை விற்பார்கள்.

செய்யத்தக்கது எளியதே. சுவர், தூண், ஜன்னல் கம்பி, மரக்கிளை ஆகிய எதிலிருந்தும் அணில் பாய்ந்து எட்டாத தூரத்தில், ஆறடிக்குக் குறையாமல், கதிரைத் தொங்கவிட வேண்டும். கதிருக்கு ஒரு சாண் உயரத்தில், ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, நடுவே துளையிட்டுக் கம்பியில் தளர்வாகக் கோத்துவிட வேண்டும். மேலிருந்து இறங்கும் அணில் அதன்மேல் கால் வைத்ததும் அது ஒருபக்கம் சாயும். நகம் மாட்ட இடமில்லாத பரப்பில் அந்தத் திரும்பும் பாதத்துக்கு வேலையில்லை. அணில் காயமின்றித் திரும்பிப் போகும். குருவிகளுக்கு மரப்பெட்டிக் கூடு வைத்திருப்போர் அதன் வாயைச் சுற்றித் தகரம் அடிப்பது நலம்; அணில் துளையைக் கொறித்து அகலமாக்கிவிடும், முட்டையையும் தின்னும்.

தடுத்தால் மட்டும் போதாது. அணிலுக்கும் ஒரு பங்கு வேறிடத்தில் வைக்க வேண்டும். சென்னை ராயப்பேட்டையில் புகைப்படக் கருவி பழுதுபார்க்கும் தொழில் செய்தபடியே, மொட்டை மாடியில் பலகைகள் அடுக்கி ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசியிட்டுப் பேர்பெற்ற சேகர், தொடக்கத்தில் அணில்களுக்கும் குருவிகளுக்கும்தான் உணவு வைத்தார். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகே கிளிகள் அவர் மாடியைத் தேடி வந்தன. ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. தோலுடன் சில காய்களை மதிலின் மறுகோடியில் வைத்தால் அவற்றைக் கொறித்து உடைப்பதிலேயே அணிலின் காலைப்பொழுது கழியும். வாழ்நாள் முழுதும் வளரும் அதன் முன்பற்களுக்கு அந்தத் தேய்மானம் தேவையும் கூட. பூசணம் பிடித்த கடலையை மட்டும் வைக்க வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டது பூசணம் பூத்த கடலைத் தீவனத்தால்தான். அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உலகம் அறிந்ததே அந்தச் சாவுகளால். மிக்சர், முறுக்கு முதலிய உப்புப் பண்டங்களும் ஆகா.

இந்தச் சிறு பிராணி நம் தாழ்வாரத்துக்கு இவ்வளவு துணிவாக வருவதற்கு நாமும் ஒரு காரணம். சாலை அகலமாகிறது என்று புளியமரம் போகிறது. மனை பிரிகிறது என்று மாந்தோப்பு போகிறது. அங்கே இருந்த உணவும் கூடும் அவற்றோடு போகின்றன. நெசவு நடக்கும் ஊர்களில் அணில் கழிவு நூலையும் பஞ்சையும் பொறுக்கிக் கூடு கட்டும். அறுந்த பாலியெஸ்டர் நூல் மக்காது, இற்றுப்போகாது; குட்டியின் காலில் சுற்றினால் இறுகிக் காலையே அறுத்துவிடும். ஆகையால் தறிக்கூடத்துக் கழிவை வெளியில் வாரிக் கொட்டாமல் மூட்டை கட்டி வைக்கும்படி தறி உரிமையாளர்களை வேண்டுகிறேன். வீட்டு மரத்தின் கிளையை வெட்ட ஆள் அழைப்போருக்கும் ஒரு விண்ணப்பம்: வெட்டுமுன் கவட்டையில் நார்க்கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். உள்ளே கண் திறவாத இரண்டு மூன்று குட்டிகள் இருக்கலாம்; தாயின் பாலை மறந்து அவை தாமே இரை தேட ஏறக்குறைய பத்து வாரம் ஆகும். அதுவரை அந்தக் கிளையை விட்டு வையுங்கள்.