மூன்று அணிகள் அழைத்த கீத்து

பிள்ளைகளே, விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும்கூடத் திருப்பூருக்கு வேலை தேடி வருகிறார்கள். பந்து விளையாடுகிறவர்களும் இப்படி நாடு விட்டு நாடு போவது உண்டு, தெரியுமா?

அமெரிக்காவில் பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டி 1997 முதல் நடக்கிறது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் ஆடும் இடம் அது. ஆனால் கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான் ஆட்டம். சம்பளமும் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. அதனால் மீதி மாதங்களில் பலர் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய் ஆடினார்கள். கலிபோர்னியாவில் பிறந்த டயானா டாரசி, ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகர அணிக்கு ஆடியவர். கோடையில் ஓய்வெடுக்கும்படி அந்த அணியே அவருக்குப் பணம் கொடுத்தது. 2015-ல் சொந்த நாட்டுப் போட்டியில் அவர் ஆடவே இல்லை. சும்மா இருக்கச் சம்பளம்! நமக்கு யார் தருவார்கள்?

நம் நாட்டிலிருந்தும் ஒருவர் இப்படிக் கடல் கடந்து போனார். அவர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்தில் 1985-ல் பிறந்தவர். உயரம் ஆறு அடி இரண்டு அங்குலம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே, அதன் அணிக்கு ஆடினார். நம் நாட்டில் விளையாட்டு வீரர்கள் பலருக்கும் சோறு போடுவது இப்படிப்பட்ட உத்தியோகம்தான்.

2006-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. மெல்போர்னில் உள்ள ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக 2008 வரை அங்கே போய் ஆடினார். 2009-ல் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி சென்னையிலேயே நடந்தபோது இந்திய அணியில் ஆடினார்.

2011-ல் அமெரிக்காவே அழைத்தது. சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள், வந்து ஆடிக் காட்டும்படி கேட்டன. டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுக்குப் போன முதல் இந்தியப் பெண் கீத்துதான்.

அப்போது அங்கே 12 அணிகள். அணிக்கு 11 பேர். பெருக்கிப் பாருங்கள், 132 இடங்கள்தான். உலகம் முழுவதும் அதற்குத்தான் போட்டி. கீத்துவுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏன்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கூடை இருப்பது பத்தடி உயரத்தில். அதன் அடியில் நின்று ஆடுபவரை 'சென்டர்' என்பார்கள். அணியிலேயே உயரமானவருக்குத்தான் அந்த இடம். நம் நாட்டில் கீத்து அப்படித்தான் ஆடினார். ஆனால் சிகாகோ அணியின் சென்டர் சில்வியா ஃபௌல்ஸ் ஆறு அடி ஆறு அங்குலம்! கீத்துவின் உயரமுள்ளவர்கள் அங்கே கூடையை விட்டுத் தள்ளி நின்று, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, தூரத்திலிருந்தும் எறிய வேண்டும். சிறு வயதிலிருந்து கூடைக்கு அடியில் ஆடிப் பழகியவருக்கு அது வேறொரு விளையாட்டு மாதிரி. உயரமான பிள்ளையைக் கண்டதும் கூடைக்குக் கீழே நிறுத்திவிடுவது நம் பள்ளி மைதானங்களிலும் வழக்கம்தானே!

கீத்து திரும்பி வந்து ரயில்வே அணிக்கும் இந்தியாவுக்கும் தொடர்ந்து ஆடினார். 2014-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.