சாய்பலகைச் சாளரமும் கடற்காற்றும்

மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் எஞ்சியுள்ள பழைய வீடுகள் சிலவற்றின் முகப்பில், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் சாய்பலகைச் சாளரங்களை இன்றும் காணலாம். தேக்குச் சட்டத்துக்குள் வரிசையாக நிற்கும் மெல்லிய பலகைகள், அவற்றை இணைக்கும் குச்சியை ஏற்றி இறக்கினால் ஒருசேரச் சாய்ந்து நிமிரும். அசையும் மரத்துக்கு வண்ணம் பூசும் முறை வேறு. அசையாச் சுவருக்குப் பூசும் முறை வேறு. சுவருக்குப் பழகிய கை தாராளமாகப் பூசும்போதுதான் இச்சாளரங்கள் கெடுகின்றன.

மரம் ஈரத்தை ஏற்றால் இழைக்குக் குறுக்கே பருக்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகிறது. வைகாசியில் எளிதாகச் சாய்ந்த பலகை கார்த்திகையில் இறுகுவது இதனால்தான். இதனோடு பூச்சின் கனமும் சேர்கிறது. எனாமல் பூச்சு ஒன்று உலர்ந்தபின் ஏறத்தாழ 30 மைக்ரான் இருக்கும். பழையதைச் சுரண்டாமல், முறைக்கு இரு பூச்சாகப் பத்து முறை பூசினால் ஒரு முகத்தில் 0.6 மில்லிமீட்டர் ஏறும். அதை எதிர்கொள்ளும் முகத்தையும் கூட்டினால் 1.2 மில்லிமீட்டர். தச்சர் விட்ட இடைவெளி அதற்குள் மறைந்துவிடும். ஆகவே கோடையில் பூசுவோர் மழைக்காலத்துப் பருமனுக்கும் இடம் விட வேண்டும்.

பலகையின் அகன்ற முகத்தை அனைவரும் பளபளப்பாக்குகின்றனர். நீர் நுழைவதோ பெரும்பாலும் அதன் முனைகளில். வெட்டுமுகத்தில் மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்பதால், பக்கவாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக நீர் உள்ளே ஏறும். பலகை சுழலும் முளைகள் அமைந்திருப்பதும் அம்முனைகளில்தான். கண்ணுக்கு மறைந்த அவ்விடத்தில் மெல்லிய அடிப்பூச்சை ஊறவிடுவதே இப்பணியின் உயிர் என்பேன்.

பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு பகை உண்டு. காற்று கொணரும் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். உப்பின்மேல் வண்ணம் பூசினால், படலத்தினூடே கசியும் நீர் அடியில் சேர்ந்து கொப்புளமாக எழும். உப்புத்தாள் தேய்ப்பதற்கு முன்பே நன்னீரால் கழுவி முழுவதும் உலரவிட வேண்டும். தேக்கின் இயற்கை எண்ணெய்ப்பொருள்களும் பூச்சு இறுகுவதைத் தாமதப்படுத்தும். வெறும் மரம் தெரியும் இடங்களை டர்ப்பன்டைனால் துடைப்பது நன்று.

பழைய பூச்சைச் சுரண்டுகையில் அஞ்சத்தக்கது காரீயம். முற்காலப் பச்சை, மஞ்சள் நிறமிகள் சிலவற்றில் காரீயக் குரோமேட்டு இருந்தது. வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்கை மீறலாகாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய படலத்தை உலர்நிலையில் தேய்த்தால், அத்தூள் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் செல்லும். வளரும் மூளையைப் பாதிக்கும். நனைத்தே தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் அப்பால் இருத்த வேண்டும்.

எனாமலில் உள்ள கரைப்பான் ஆவியாவது தொடக்கமே. அதன்பின் எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் உயிர்வளியை ஏற்று ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன; தொட்டால் ஒட்டாத பூச்சும் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். எனவே பலகைகளைப் பாதி சாய்த்த நிலையில் உலரவிட்டு, மேற்பரப்பு ஒட்டாத நிலை வந்ததும் குச்சியை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியிலும் இதே வேதிவினை வெப்பத்தை வெளியிடுகிறது. சுருட்டிப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். பணி முடிந்ததும் அத்துணியை விரித்து உலர்த்துங்கள்; அல்லது நீர் நிரம்பிய வாளியில் அமிழ்த்திவிடுங்கள்.