ஈடேல்: பென்னைன் வழி தொடங்கும் இடம்

டெர்பிஷயரின் இந்தச் சிற்றூரில் தொடங்கும் பென்னைன் வழி, இங்கிலாந்தின் முதல் தேசிய நெடுநடைப்பாதை. 1965 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிர்க் யெட்டம் ஊர் வரை 268 மைல் செல்கிறது.

வடக்கே உயர்ந்து நிற்பது கின்டர் ஸ்கவுட் மேட்டுநிலம். பணக்காரர்களின் பறவை வேட்டைக்கென்று ஒதுக்கி, பொதுமக்கள் ஏறாதபடி காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, மறுபுறமுள்ள ஹேஃபீல்டிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினர். பெரும்பாலும் மான்செஸ்டர் பகுதியின் இளம் தொழிலாளர்கள். ஐவர் சிறைக்குச் சென்றனர். இன்று இம்மலையில் நடக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே.

மேற்கே, பொதிக்குதிரைகள் சென்ற பழந்தடத்தில் ‘ஜேக்கப்ஸ் லேடர்’ படிகள் உள்ளன.

பாதைகளைக் காட்டும் குறிகளில், மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்புக்குறி உள்ள தடத்தில் குதிரையும் சைக்கிளும் வரலாம்.